அரைச் சுற்று சுற்றினால் அதே லென்ஸ்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோன அக்காவை நினைத்துக் கவலைப்பட்டவர்கள் முதலில் மூச்சை விடுங்கள். விடிந்ததும் அவளே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் காபி போட்டாள். தனக்கு மட்டும் இரண்டாவது டம்ளரும் ஊற்றிக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்று சொல்லவில்லை. கோபக்காரர்களுக்கும் காலையில் காபி வேண்டுமல்லவா!

நடுவில் ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, பின்பக்கம் வீடு. கடையில் பாதியை அப்பா கண்ணாடி வங்கிக்கு விட்டிருக்கிறார். வேண்டாத பழைய கண்ணாடிகளை ஜனங்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைக் கழுவி, உள்ளே விளக்கு எரியும் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பவரை அளந்து, ஜோடிக்கொரு எண் போட்ட தட்டில் அடுக்கிவைப்பார்கள். புதுக் கண்ணாடி வாங்க வழியில்லாதவர்கள் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அவர்கள் கண்ணுக்கு எது ரொம்ப நெருக்கமோ அந்த ஜோடியைத் தேடி எடுத்து, காசு வாங்காமல் மாட்டி அனுப்புவார்கள்.

தேடி எடுப்பதுதான் கஷ்டம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனி பவர். சிலருக்கு அதற்குமேல், கோணலாகத் தெரிவதைச் சரிசெய்யச் சிலிண்டர் என்று ஒன்று. அந்தச் சிலிண்டர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஆக்சிஸ் என்று ஓர் அளவு. இதையெல்லாம் ஆயிரக்கணக்கான தட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனுஷ வேலையில்லை, கம்ப்யூட்டர் வேலை.

தட்டுகளின் விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. பயப்படாதீர்கள், அது ஒழுங்காக அடுக்கிய ஒரு கிடங்கு. வாசலில் ஓர் ஆள் நிற்பான். முறையாகக் கேட்டால் உள்ளே போய் எடுத்துவந்து கொடுப்பான். அப்படிக் கேட்பதற்குத்தான் குவெரி என்று பெயர்.

அக்கா இந்த வீட்டில் இருந்த காலத்தில் கடையில் இருந்தது ஒரு நோஞ்சான் கம்ப்யூட்டர். வாசலில் நிற்பவனிடம் கேட்டுக் காத்திருந்தால், பெஞ்சில் உட்கார்ந்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அதனால் அவள் வாசல்காரனை ஒதுக்கிவிட்டு, தானே டார்ச் லைட்டோடு கிடங்குக்குள் இறங்கினாள். இயந்திரத்துக்கு மிக நெருக்கமான மொழியில் கோடு, அதாவது கட்டளைத் தொகுப்பு, எழுதி, அதை டேட்டாபேஸின் வயிற்றுக்குள்ளேயே வைத்துத் தைத்தாள். மின்னல் மாதிரி ஓடியது. இத்தனை வருஷமும் ஓடியது.

அப்புறம் தூரத்து ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். தம்பிக்குக் கல்யாணமாகி மருமகள் வந்தாள். அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தான். ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குகளைக் குவெரி எழுதியே மேய்ப்பவள். ஓய்வு நாட்களில் வங்கிக் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு.

கொஞ்ச நாளாக அக்காவின் கோடு அடிக்கடி விழுந்தது. விழும்போது அது மட்டும் தனியாக விழாது. பெயர் பதியும் திரை, தட்டு எண் காட்டும் திரை என்று எல்லாவற்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழும். கடைசியாக விழுந்தபோது அக்காவின் போன் அலுவலக மேஜை டிராயருக்குள் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். விஷயம் தெரிந்ததும் அக்கா லீவு போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வந்த இடத்தில்தான், சாப்பாட்டு வேளையில், தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதைச் சொன்னான்.

"அக்கா, உன் கோடே தேவையில்லையாம். இவ அரைப் பக்கத்துல குவெரி எழுதி வெச்சிருக்கா."

தட்டு நகர்ந்தது அப்போதுதான்.

ஒன்றை மட்டும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன். அக்காவின் கோபம் மருமகள்மேல் இல்லை. தூரத்து ஊரில் தனி வீடு, தனிச் சாப்பாடு. அங்கே அவள் போன் மணி அடித்தால் அது தம்பியாக இருக்கும். "அக்கா, மறுபடி விழுந்துடுச்சு" என்பான். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஊருக்கே கேட்கும்படி சலித்துக்கொள்வாள். ஆனால் இரண்டாவது மணி அடிக்க விடமாட்டாள். கோடு போய்விட்டால் போன் எதற்காக அடிக்கும்?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாம்தான் தெரிந்துகொண்டோம்.

*

காலையில் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கடைக்குத்தான் அது புதுசு. யாரோ ஒரு நல்ல மனுஷர் தன் அலுவலகத்தில் மாற்றியதைக் கொடுத்தார். பழைய நோஞ்சானுக்கு இன்றோடு ஓய்வு. புதியதில் எதை ஏற்றுவது, அக்காவின் கோட்டையா, மருமகளின் குவெரியையா? சாயங்கால ரயிலில் அக்கா திரும்பிப் போவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அப்பா பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டையும் ஏத்துங்க. ரெண்டு திரை. மத்தியானம் வரைக்கும் வர்றவங்களுக்கு ரெண்டுலயும் தேடுங்க. யாரு சொல்ற ஜோடி கண்ணுக்குச் சரியா இருக்கோ, அவங்க ஜெயிச்சாங்க."

"நாத்தனாரும் மருமகளும் பந்தயம் வெச்சா வெளில தெரிஞ்சா சிரிப்பாங்கப்பா" என்றான் தம்பி.

"சிரிக்கட்டுமே. கூட்டம் வரும்."

மருமகள் தயங்கினாள். "பந்தயம்லாம் வேணாம் மாமா. அண்ணி எழுதினது எவ்வளவு பெரிய வேலைன்னு எனக்குத் தெரியும். எனக்குப் படிச்சாப் புரியலன்னுதான்..."

"புரியாததுல என்ன இருக்கு? நான் வரிக்கு வரி குறிப்பு எழுதி வெச்சிருக்கேனே" என்றாள் அக்கா.

"குறிப்பைப் படிச்சேன் அண்ணி. 'இந்த இடத்துல கைய வெக்காதே'ன்னு எழுதியிருந்துது."

தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அக்காவுக்கும் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

முதலில் வந்தது ஒரு தபால்காரர். இரண்டு திரையும் ஒரே தட்டைச் சொன்னது. அடுத்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. மறுபடி ஒரே தட்டு. அப்புறம் தாயும் மகளுமாக இரண்டு பேர். அதிலும் மாற்றமில்லை.

"என்னுதுதான் முன்னாடி வந்துது" என்றாள் அக்கா.

"அக்கா, உன்னுது கண்ணை மூடறதுக்குள்ள சொல்லுது. இவளுது மூடித் திறந்தப்புறம் சொல்லுது. நான் அந்தக் கோடி அலமாரிக்கு நடந்துபோய், ஸ்டூல் போட்டு ஏறி, தட்டை எடுத்துட்டு வரணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

புதுக் கம்ப்யூட்டரில் வேகம் ஒரு பொருட்டே இல்லை. எந்தக் காரணத்துக்காக அக்கா அன்றைக்கு டார்ச்சோடு கிடங்கில் இறங்கினாளோ, அந்தக் காரணம் காணாமல் போயிருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. கீபோர்டின் தூசியைத் துடைத்தாள்.

அப்போதுதான் முடிதிருத்தும் கடைக்காரர் வந்தார். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர். பெஞ்சில் உட்காரும்போதே புலம்பல்.

"நான் நேராத்தாங்க வெட்டறேன். கண்ணாடில பாத்துட்டு எல்லாரும் கோணல், கோணல்ங்கறாங்க. ரெண்டு மாசமா நம்ம கடைப் பக்கமே ஒருத்தரும் வர்றதில்ல."

"தம்பி தலையப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றாள் அக்கா. தம்பி தலையைத் தடவிக்கொண்டான்.

அவருக்குப் பலமான சிலிண்டர். ஆக்சிஸ் நூற்று எழுபத்தெட்டு. அக்காவின் திரை ஒரு தட்டைச் சொன்னது. மருமகளின் திரை வேறொரு தட்டைச் சொன்னது. காலையிலிருந்து முதல் தடவை.

தம்பி இரண்டையும் எடுத்துவந்தான். முதலில் மருமகள் சொன்னதை மாட்டினான். கடைக்காரர் அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"எழுத்து பெருசாத்தான் தெரியுது. ஆனா அந்தக் கதவு சாஞ்சு நிக்குதே."

"அந்தக் கதவு நிஜமாவே சாஞ்சுதான் நிக்குது. உங்க கண்ணு நல்ல கண்ணு" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லப்பா. போன மாசம்தான் தச்சரைக் கூப்பிட்டு நிமித்தியாச்சே" என்றான் தம்பி.

"ஓ, ஆமாமா. பழக்க தோஷம்" என்றார் அப்பா.

அக்கா சொன்ன ஜோடியை மாட்டியதும் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார். கடைசியில் தம்பியின் தலையைப் பார்த்தார்.

"ஐயையோ, இது நான் வெட்டினதா? நாளைக்கு வாங்க, சும்மாவே சரி பண்ணித் தர்றேன்."

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். மருமகளின் முகம்தான் வாடிவிட்டது. அரைப் பக்கக் குவெரியை மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். பவரின் வித்தியாசம் சரி. சிலிண்டரின் வித்தியாசம் சரி. ஆக்சிஸின் வித்தியாசமும் சரிதான், கழித்தல் கணக்கில் என்ன தப்பு வரும்?

தப்பு எங்கே என்று அக்காவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவள் சொல்லவில்லை.

*

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

மருமகள்தான் ஆரம்பித்தாள். "அண்ணி, உங்க கோட்டையே வெச்சுக்கலாம். அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன ஜோடியக் குடுத்து அனுப்பியிருந்தா, அவர் அதோட கத்தரி பிடிச்சிருப்பார். நெனச்சாலே பயமா இருக்கு."

"விழுந்தா?" என்றான் தம்பி.

"அண்ணிய கூப்பிடுவோம்."

அக்காவுக்கு வேண்டியது இதுதான். தட்டில் வைத்துக் கையில் கொடுத்த மாதிரி வந்துவிட்டது. இனி போன் அடிக்கும். தம்பி கெஞ்சுவான், அவள் சலித்துக்கொள்வாள், எல்லாம் முன்போலவே.

"சரி, என்னுதே இருக்கட்டும்" என்றாள்.

மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தாள்.

பிற்பகலில் பெஞ்ச் நிறைந்திருந்தது. ஒரு லாரி ஓட்டுநர் முதலில் உட்கார்ந்திருந்தார். சாதாரணக் கண், சிலிண்டரே கிடையாது, இருப்பதிலேயே சுலபமான தேடல். அக்கா பொத்தானைத் தட்டினாள்.

திரை கறுத்தது.

பக்கத்தில் மருமகளின் திரையும் கறுத்தது. பெயர் பதிந்துகொண்டிருந்த தம்பி, "இங்கயும் போச்சு" என்றான். புதுக் கம்ப்யூட்டர், புதிதாக ஏற்றிய கோடு. பழைய மெஷின்மேல் பழியைப் போடவும் வழியில்லை.

பெஞ்சில் ஒரு சலசலப்பு. கடைசியில் இருந்த அம்மாள், "போன தடவ வந்தப்பவும் இதேதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. போன தடவை என்றால், அவள் போன் டிராயருக்குள் இருந்த அன்றைக்கு.

மருமகள் பதறவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, டேட்டாபேஸை மறுபடி எழுப்பினாள். "அண்ணி, நீங்க உங்களுது என்ன ஆச்சுன்னு பாருங்க. அதுவரைக்கும் நான் குவெரில தேடிக் குடுத்துடறேன். இவங்க யாருக்கும் சிலிண்டர் இல்ல, தப்பு வராது."

ஒருவர் பின் ஒருவராகப் பெஞ்ச் காலியானது. இந்தத் தடவை எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா விழுந்த இடத்தைத் தோண்டிக்கொண்டே போனாள். அகப்பட்டது. ஓட்டுநரின் பவருக்கு நெருங்கிய ஒரு தட்டில் சிலிண்டர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பூஜ்யம் இல்லை, வெறுமை. பூஜ்யம் என்றால் 'அளந்து பார்த்தேன், ஒன்றுமில்லை' என்று அர்த்தம். வெறுமை என்றால் யாரும் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். அவள் கோடு, அங்கே ஏதாவது இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தது. படி இல்லை. விழுந்தது.

"யாருடா இத அளந்தது?"

"நான்தான். சிலிண்டர் இல்லாததுக்கு என்னத்த எழுதறது? காலியா விட்டுட்டேன்."

"ஜீரோ போடணும்டா! அப்பா எப்பவும் போடுவாரே."

"அப்பா போட்டார், சரி. எங்கிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். இத்தனை வருஷம் லென்ஸ்மீட்டரில் குனிந்தது அப்பா. கழுத்து வலிக்கிறது என்று சொல்லி நான்கைந்து மாதங்களுக்குமுன் அந்த வேலையைத் தம்பியிடம் தள்ளிவிட்டார். அப்போதிலிருந்துதான் கோடு விழ ஆரம்பித்தது. அக்கா அந்தக் கோட்டை எழுதும்போது அப்பாவின் கையை நம்பி எழுதியிருந்தாள். அந்தக் கை மாறும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உன் குவெரி மட்டும் எப்படி விழல?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"காலியா இருந்தா ஜீரோன்னு எடுத்துக்கோன்னு முதல்லயே எழுதிட்டேன் அண்ணி. இவர் காலியா விடுவார்னு எனக்குத் தெரியும். வீட்டுல சர்க்கரை டப்பா தீர்ந்தாலும் மூடி போட்டு அப்படியேதான் வெப்பார்."

"இப்ப எதுக்கு டப்பா?" என்றான் தம்பி.

அக்கா சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒரு வரி சேர்த்தால் போதும். வெறுமையாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். கோடு பிழைத்துவிடும். மருமகள் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டாள். இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் இதைத் தொடமாட்டார்கள்.

விரல்கள் கீபோர்டின்மேல் நின்றன.

பெஞ்சின் கடைசியில் இருந்த அம்மாளின் குரல் இன்னும் காதில் இருந்தது. இந்த வெறுமையை அவள் அடைத்துவிடலாம். நாளைக்கு வீட்டில் வேறொரு பழக்கம் மாறும். அப்போது வேறோர் இடத்தில் படி இருக்காது. அன்றைக்கும் போன் டிராயருக்குள் இருக்கலாம்.

எழுந்து தம்பியின் மேஜைக்குப் போனாள். பிரேமிலிருந்து கழன்று கிடந்த ஒரு வட்ட லென்ஸை எடுத்தாள். சிலிண்டர் லென்ஸ்தான். அதில் ஆக்சிஸ் திசைக்கு மையால் ஒரு கோடு கிழித்திருந்தது. கொண்டுவந்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத மெதுவா சுத்து."

மருமகள் சுற்றினாள். மைக்கோடு படுத்திருந்தது, நிமிர்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது, மறுபடி படுத்தது.

"நிறுத்து. இப்ப எவ்வளவு சுத்தியிருக்க?"

"அரைச் சுத்து."

"கோடு எங்க இருக்கு?"

"ஆரம்பிச்ச எடத்துலயேதான்..." மருமகள் நிமிர்ந்தாள். கண் விரிந்தது. "அண்ணி! நூத்தி எண்பதும் பூஜ்யமும் ஒண்ணு! அவருக்கு நூத்தி எழுபத்தெட்டு. உங்க ஜோடில மூணு. அஞ்சு டிகிரிதான் தள்ளி. நான் கழிச்சுப் பாத்து ரொம்ப தூரம்னு நெனச்சுட்டேன். பக்கத்து வீட்டுக்கு ஊரையே சுத்திப் போயிருக்கேன்!"

"அதேதான்."

"வித்தியாசத்தை நூத்தி எண்பதுலருந்தும் கழிச்சுப் பாக்கணும். ரெண்டுல எது சின்னதோ அத எடுத்துக்கணும்." சொல்லிக்கொண்டே தட்டினாள். ஒரே ஒரு வரி. பொத்தானைத் தட்டினாள். முடிதிருத்தும் கடைக்காரரின் எண்ணுக்கு இப்போது அக்காவின் தட்டே வந்து நின்றது.

அப்பா நாற்காலியிலிருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆக ரெண்டு பேருக்கும் ஒரு வரிதான் குறை. இப்ப எதை வெக்கறதாம்?"

"அவளுத" என்றாள் அக்கா.

"அண்ணி, சாப்பிடறப்போ நான் சொன்னது..."

"நீ சொன்னது இருக்கட்டும். என் கோட்ட படிக்கறதுக்கு என்னைத் தவிர ஆளில்ல. உன்னுத நாளைக்கு யார் வந்தாலும் படிக்கலாம். இவன்கூடப் படிக்கலாம்."

"இவன்கூடன்னா?" என்றான் தம்பி.

மருமகள் லென்ஸை உள்ளங்கையிலேயே மூடிவைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்களைக் கேக்காம செய்யணும்னு நான் இத எழுதல அண்ணி. கேக்கறதுக்கு ஆள் கிடைக்காத நேரத்துலயும் பெஞ்சு காலியா போகக்கூடாதுன்னுதான் எழுதினேன்."

அக்கா தலையாட்டினாள். டேட்டாபேஸின் வயிற்றிலிருந்து தன் கோட்டைத் தானே பிரித்தெடுத்தாள். நிறுத்தவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றாள். அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை.

*

ரயிலுக்கு நேரமானது. அக்கா உள்ளே பை கட்டிக்கொண்டிருந்தாள். தம்பி வண்டி கூப்பிடத் தெருவுக்குப் போயிருந்தான். கடையில் அப்பாவும் மருமகளும் மட்டும்.

தம்பி வெறுமையாக விட்ட தட்டுகளை மருமகள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "மாமா, இதுக்கெல்லாம் நீங்க எப்படி ஜீரோ போடுவீங்க? ஒரு தடவ காட்டுங்களேன். அவருக்கும் சொல்லிக் குடுத்துடறேன்."

"இதுல காட்ட என்ன இருக்கு?" என்றார் அப்பா. ஆனால் பெருமையாகத்தான் எழுந்துவந்தார். நாற்காலியின் முதுகைத் தொட்டு, மேஜையின் விளிம்பைத் தொட்டு, லென்ஸ்மீட்டர் முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடியை அதன் இடத்தில் பொருத்தினார். கை பழகிய கை, ஒரு தடுமாற்றம் இல்லை. குனிந்து கண்ணை வைத்தார். சக்கரத்தை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று.

மருமகள் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினாள். பாதி வழியில் நிறுத்தினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆங், நல்லா தெரியுது. உள்ள எல்லாக் கோடும் ஒரே நேரத்துல பளிச்சுன்னு நிக்குது பாரு. அப்படின்னா சிலிண்டர் இல்ல. ஜீரோ போட்டுக்கோ."

"சரி மாமா" என்றாள் மருமகள்.

வண்டி வந்தது. அக்கா வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மருமகளின் தோளைத் தட்டினாள். "இவன் சர்க்கரை டப்பாவ காலியா வெச்சா எனக்கு எழுதி அனுப்பு." அப்பா அவள் தலையில் கை வைத்தார். கை முதலில் காதில் பட்டு, அப்புறம்தான் தலைக்குப் போனது. அவசரத்தில் அக்கா அதைக் கவனிக்கவில்லை.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையை மேலே வைத்தாள். இன்னும் ரயில் புறப்படவில்லை. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பழக்கம். இனி அது எதற்கும் அடிக்கப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைப் பைக்குள் போடப் போனபோது மணி அடித்தது.

தம்பி இல்லை. மருமகள்.

இரண்டாவது மணி அடிக்கவில்லை. "என்னம்மா, விழுந்துடுச்சா?"

"இல்ல அண்ணி. எல்லாம் நல்லா ஓடுது." கதவை மூடுகிற சத்தம். குரல் இன்னும் தாழ்ந்தது. "இது வேற விஷயம். இவர்கிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

"சொல்லு."

"நீங்க பை கட்டிட்டிருந்தப்ப மாமாவ லென்ஸ்மீட்டர்ல ஒண்ணு அளந்து காட்டச் சொன்னேன். பாத்துட்டு, எல்லாக் கோடும் பளிச்சுன்னு தெரியுது, ஜீரோ போடுன்னார்."

"ஆமா, அப்பா அப்படித்தான் சொல்லுவார்."

"அண்ணி, மெஷின்ல விளக்கே போடல."

அக்காவுக்குக் கதவு ஞாபகம் வந்தது. போன மாதம் நிமிர்த்திய கதவு. கழுத்து வலி ஞாபகம் வந்தது. காதில் பட்டுத் தலைக்குப் போன கை இப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி தேடிக் கொடுக்கிற வீட்டில், அப்பாவின் கண்ணை யாரும் கேட்கவில்லை. அந்த இடம் மட்டும் வெறுமையாகவே கிடந்திருக்கிறது.

எழுந்து, மேலே இருந்த பையின் வாரைப் பிடித்தாள். வெளியே யாரோ விசில் ஊதினார்கள்.

"அப்பா இப்ப எங்க இருக்கார்?"

"வாசல்லதான் நிக்கறார் அண்ணி. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறார். உங்க வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டு வர்றேங்கறார்."

வண்டி திரும்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது.